கெடு முடிந்த பிறகு அந்த பைட்டுகளுக்கு யார் பொறுப்பு?



லினக்ஸ் கணினி ஒன்றின் சீரியல் போர்ட்டில் கேபிளைச் செருகி, மறுமுனையை எதிலும் இணைக்காமல் விட்டு, வன்பொருள் ஃப்ளோ கன்ட்ரோலை மட்டும் இயக்கி வைத்துவிட்டு, 'எக்கோ' கட்டளையால் ஒரு வரியை அந்தப் போர்ட்டுக்கு அனுப்பிப் பார்த்தால் ஒரு வேடிக்கை நடக்கும். கட்டளை உடனே முடியாது. பத்து நொடி போகும், இருபது நொடி போகும். ஏறக்குறைய முப்பதாவது நொடியில் எதுவுமே நடக்காததுபோலக் கட்டளைக்குறி திரும்பி வரும். பிழைச் செய்தி கிடையாது. எழுதிய வரி எங்கே போனது என்ற தகவலும் கிடையாது.

அந்த முப்பது நொடி டிரைவருக்குள் எழுதி வைக்கப்பட்ட ஒரு மதிப்பு. 'க்ளோசிங் வெயிட்' என்று அதற்குப் பெயர். நூறில் ஒரு நொடி என்ற அலகில் அதன் இயல்பான அளவு 3000. போர்ட்டை மூடும் நேரத்தில் பஃபரில் மிச்சமிருக்கும் பைட்டுகள் வெளியேற டிரைவர் அவ்வளவு நேரம் பொறுத்துப் பார்க்கும். அதற்குள் போகாததைக் கொட்டிவிடும். 'செட்சீரியல்' கட்டளையைக் கொண்டு அந்த மதிப்பைக் கூட்டலாம், குறைக்கலாம், முடிவே இல்லாமல் காத்திரு என்றும் சொல்லலாம், காத்திருக்கவே வேண்டாம் என்றும் சொல்லலாம். பலருக்கு இப்படி ஒரு வசதி இருப்பதே தெரியாது. நிரல் 'தொங்கிவிட்டது' என்று நினைத்துக் கணினியையே அணைத்து எழுப்புவார்கள்.

அனுப்பும் பக்கத்தில் டைம்அவுட் வைப்பது சின்ன வேலையாகத் தோன்றும். டிரைவர் எழுதுகிறவர் வழக்கமாக ஓர் எண்ணைத் தேர்ந்து எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். எண்ணைத் தேர்வது வெறும் பெருக்கல் வகுத்தல். கெடு முடிகிற கணத்தில் எந்த அடுக்கில் எத்தனை பைட் இருக்கிறது, அதை யார் யாரிடம் சொல்ல வேண்டும், மிச்சத்தை என்ன செய்ய வேண்டும் என்பவைதான் கடினம். இன்றைய பேச்சு அந்தக் கடினமான பாதியைப் பற்றியது.

எளிய பாதியை முதலில் முடித்துவிடலாம். 1981இல் ஐபிஎம் பிசி வந்தபோது அதன் சீரியல் அட்டையில் நேஷனல் செமிகண்டக்டரின் 8250 சிப் இருந்தது. அதற்குக் கொடுத்த கடிகாரத் துடிப்பு நொடிக்கு 18,43,200. சிப் அதைப் பதினாறால் வகுத்துக்கொள்ளும், கிடைப்பது 1,15,200. பிசி உலகில் சீரியல் போர்ட் என்றதும் எல்லோர் வாயிலும் வரும் 115200 என்ற எண் அங்கிருந்து வந்ததுதான். அதை 12ஆல் வகுத்தால் 9600. 2304ஆல் வகுத்தால் 50. ஓர் எழுத்துக்குத் தொடக்க பிட் ஒன்று, தரவு பிட் எட்டு, நிறுத்த பிட் ஒன்று என்று பத்து பிட் செலவாகும். ஆகவே 9600 வேகத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு மில்லிநொடிக்குச் சற்று மேல். 115200இல் சுமார் 87 மைக்ரோநொடி. 300இல் 33 மில்லிநொடி. 50இல் 200 மில்லிநொடி. சிப்பும் ஒன்று, டிரைவரும் ஒன்று. வேகத்தில் மட்டும் 2304 மடங்கு வித்தியாசம். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே எண்ணை எழுதிவைத்தால் அது எங்கோ ஓரிடத்தில் கண்டிப்பாக உதைக்கும்.

ஆனாலும் எழுதத்தான் செய்தார்கள். லினக்ஸ் கெர்னலின் 8250 டிரைவரில், கன்சோலுக்குச் செய்தி அனுப்பும் பகுதியில், சிப் காலியாகும்வரை அதிகபட்சம் பத்து மில்லிநொடி காத்திருக்கும் வளையம் ஒன்று உண்டு. ஒவ்வொரு மைக்ரோநொடிக்கும் ஒருமுறை நிலையைப் பார்க்கும், 10,000 முறை பார்த்தும் காலியாகவில்லை என்றால் மேலே நடக்கும். 9600 வேகத்தில் ஓர் எழுத்துக்கு இது தாராளம். பிறகு, ஓர் எழுத்தாக அனுப்பாமல் சிப்பின் ஃபிஃபோ என்ற உள் வரிசை நிறைய 16 எழுத்துகளை மொத்தமாகக் கொட்டும் முறையைக் கன்சோலுக்கும் கொண்டுவந்தார்கள். 9600இல் 16 எழுத்து வெளியேற 16.7 மில்லிநொடி வேண்டும். கெடுவோ பத்து. பழைய எண் அப்படியே இருக்க, அது அளக்கும் பொருள் மாறிவிட்டது. காத்திருப்பை எழுத்துகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப நீட்டித்தான் இதைச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

ஒழுங்கான கணக்கும் அதே கெர்னலிலேயே இருக்கிறது. பாட் வேகம் மாறும்போதெல்லாம் சீரியல் பொதுப்பகுதி, ஃபிஃபோ முழுவதும் காலியாக எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்கிட்டு, அதோடு 20 மில்லிநொடி தளர்வு சேர்த்து வைத்துக்கொள்ளும். 9600இல் அது ஏறக்குறைய 37 மில்லிநொடி. 115200இல் ஏறக்குறைய 21. 300இல் அரை நொடியைத் தாண்டும். 'அனுப்பி முடியும்வரை காத்திரு' என்று கேட்டால் இந்த அளவின் இரண்டு மடங்கோடு நிறுத்திக்கொள்ளும். இரண்டு மடங்கு நேரத்திலும் காலியாகாத சிப் இனி எப்போதுமே காலியாகாது, அது சிப்பின் கோளாறாகத்தான் இருக்கும் என்ற அனுமானம் அதன் பின்னால் இருக்கிறது. எழுதியவர்கள் அந்த அனுமானத்தையும் அதன் நிபந்தனையையும் குறிப்பாகவே பதிந்து வைத்தார்கள்: சிப் தானாக ஃப்ளோ கன்ட்ரோல் செய்யாதவரைதான் இது செல்லும். பின்னாளில், 'அனுப்பலாம்' என்று மறுமுனை காட்டும் சிடிஎஸ் கம்பியைத் தானே பார்த்து நிற்கும் சிப்புகள் வந்தன. நிபந்தனை உடைந்தது. ஃப்ளோ கன்ட்ரோல் இயக்கத்தில் இருந்தால் இந்த இரண்டு மடங்கு வரம்பைப் போடாதே என்று குறியீட்டைத் திருத்தினார்கள். நிபந்தனையை எழுதி வைத்திருந்ததால் எதைத் திருத்துவது என்று தேட வேண்டியிருக்கவில்லை.

இந்த டிரைவரின் பூர்வீகமும் சுவையானது. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியது இயங்குதளத்தை அல்ல, மோடம் வழியாக ஹெல்சிங்கி பல்கலைக்கழகக் கணினியோடு பேசும் ஒரு டெர்மினல் நிரலை. அதாவது, லினக்ஸ் வளர்ந்ததே ஒரு சீரியல் போர்ட்டிலிருந்துதான். 1992 ஆகஸ்ட், செப்டம்பரில் தியோடர் சோ அந்த சீரியல் டிரைவரைப் பெருமளவு திருத்தி எழுதினார்.

கெடு எப்போதிலிருந்து ஓட வேண்டும் என்று முடிவு செய்ய, 'அனுப்பியாகிவிட்டது' என்பதற்கு என்ன பொருள் என்று தெரிய வேண்டும். இங்கேதான் பெரும்பாலான குழப்பம். பயன்பாட்டு நிரல் எழுதச் சொன்னதும் பைட்டுகள் முதலில் கெர்னலில் ஒரு பக்க அளவுள்ள பஃபருக்குப் போகின்றன. பொதுவாக 4096 பைட். அங்கிருந்து இன்டரப்ட் வரும்போதெல்லாம் 16 பைட் வீதம் சிப்பின் ஃபிஃபோவுக்கு. ஃபிஃபோவிலிருந்து ஒவ்வொன்றாக ஷிஃப்ட் ரிஜிஸ்டருக்கு. அங்கிருந்து பிட் பிட்டாகக் கம்பிக்கு. எழுதும் அழைப்பு வெற்றி என்று திரும்பும்போது பைட்டுகள் முதல் பஃபரில்தான் இருக்கின்றன. 9600 வேகத்தில் நிறைந்த பஃபர் காலியாக நாலேகால் நொடி ஆகும். தபால் பெட்டியில் கடிதத்தைப் போட்டதும் கையை உதறிக்கொண்டு போவது மாதிரிதான் அந்த வெற்றி.

சிப்பிடம் கேட்டாலும் இரண்டு விதமான பதில் கிடைக்கும். 8250 குடும்பத்தின் நிலை ரிஜிஸ்டரில் ஐந்தாவது பிட், அடுத்த எழுத்தைப் போட இடம் காலி என்கிறது. ஆறாவது பிட், ஷிஃப்ட் ரிஜிஸ்டர் உட்பட எல்லாமே காலி என்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஓர் எழுத்தின் நேரம் இருக்கிறது. ஆர்எஸ்-485 கம்பியில் இந்த வித்தியாசம் உயிர்நாடி. அங்கே ஒரே இணைக் கம்பியில் மாறி மாறிப் பேச வேண்டும். பேசி முடித்தவர் கம்பியை விட்டுவிட வேண்டும். ஐந்தாவது பிட்டைப் பார்த்துக் கம்பியை விட்டால் கடைசி எழுத்து பாதியில் அறுந்துபோகும். ஆறாவது பிட்டுக்காகக் கெடு இல்லாமல் காத்திருந்து சிப் மக்கர் செய்தால், டிரைவர் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டு, அதே கம்பியில் தொங்கும் மற்ற எல்லாக் கருவிகளின் வாயையும் அடைத்துவிடும்.

மறுமுனை உண்மையில் பெற்றுக்கொண்டதா என்பதோ இந்த அடுக்குகளில் எதற்கும் தெரியாது. அது மேலே இருக்கும் புரோட்டோகாலின் கவலை.

அனுப்புவது நின்றுபோகக் காரணங்கள் பல. டிரைவரின் கண்ணுக்கு முதலில் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். முதலாவது, மறுமுனை வேண்டுமென்றே நிறுத்தச் சொன்னது. டெர்மினலில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது கை தவறி கன்ட்ரோலையும் எஸ்ஸையும் சேர்த்து அழுத்தித் திரையை உறைய வைத்திருப்பார்கள். அது எக்ஸ்ஆஃப் குறியீடு, ஆஸ்கியில் 19. கன்ட்ரோல் கியூ அழுத்தினால் எக்ஸ்ஆன், 17, மீண்டும் ஓடத் தொடங்கும். 1960களின் டெலிடைப் இயந்திரங்களில் காகித நாடா படிப்பானை நிறுத்தவும் ஓட்டவும் வைத்த குறிகள் இவை. இன்னும் உயிரோடு இருக்கின்றன. சிடிஎஸ் கம்பி தாழ்ந்து நிற்பதும் இதே வகைதான். அச்சுப்பொறியில் காகிதம் தீர்ந்திருக்கலாம், மூடி திறந்திருக்கலாம். இப்படி நிற்பது பிழையே அல்ல. ஃப்ளோ கன்ட்ரோல் செய்ய வேண்டிய வேலையைத்தான் செய்கிறது. இதன்மேல் 37 மில்லிநொடிக் கெடு விதித்துப் பிழை என்று கூவும் டிரைவர் தவறான டிரைவர்.

இரண்டாவது, வன்பொருள் வாயைத் திறக்காமல் போவது. 'இடம் காலி' என்ற இன்டரப்ட் வந்தால்தான் டிரைவர் அடுத்த 16 பைட்டைப் போடும். அந்த இன்டரப்ட் ஒருமுறை தொலைந்தால் போதும், டிரைவர் சிப்புக்காகவும் சிப் டிரைவருக்காகவும் காத்திருந்து இரண்டும் கல்லாகிவிடும். இது கற்பனை அல்ல. எச்பியின் ஐட்டானியம், பிஏ-ரிஸ்க் வகை சர்வர்களில் மேலாண்மைச் செயலியோடு வந்த 'டிவா' என்ற சீரியல் சிப்பின் இன்டரப்ட் அடையாளத்தை நம்ப முடியவில்லை. அதற்காக லினக்ஸ் டிரைவரில் காப்பு டைமர் ஒன்றைச் சேர்த்தார்கள். கணக்கிட்ட நேரத்தோடு ஐந்தில் ஒரு நொடி கூட்டி, அந்த இடைவெளியில் டைமர் எழுந்து பார்க்கும். சிப் காலியாக இருந்து, பஃபரில் பைட்டும் இருந்து, இன்டரப்ட் மட்டும் வராமல் இருந்தால், வந்ததாகவே பாவித்து வேலையைத் தொடரும். யாருக்கும் பிழைச் செய்தி போகாது. டைம்அவுட் என்றாலே பிழை என்று எண்ணுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது: இங்கே கெடு முடிவது ஒரு தட்டி எழுப்பல் மட்டுமே. ஒரு சிப்பைப் பற்றி டிரைவரில் எழுதக்கூடிய மிக நாகரிகமான குற்றச்சாட்டும் இதுதான்.

மூன்றாவது, போர்ட்டே இல்லாமல் போவது. இப்போதைய மடிக்கணினிகளில் சீரியல் போர்ட் என்பது பெரும்பாலும் யுஎஸ்பி அடாப்டர்தான். அதைப் பிடுங்கிவிட்டால் கருவி இல்லை என்ற செய்தி வரும், பிரச்சினை இல்லை. பிடுங்காமல், மறுமுனை சிடிஎஸ்ஸைத் தாழ்த்தி வைத்திருந்தால்தான் வினோதம். அடாப்டரின் உள் பஃபர் நிறைந்ததும் அது யுஎஸ்பியில் 'இப்போது முடியாது, பிறகு வா' என்று ஒவ்வொரு முறையும் மரியாதையாகச் சொல்லிக்கொண்டே இருக்கும். யுஎஸ்பி விதிப்படி அதில் தவறில்லை. கேட்டுக்கொண்டே இருக்கும் கணினிக்கு அலுப்பும் கிடையாது.

மூன்று காரணங்களுக்கும் மருந்து வேறு வேறு என்பதால், கெடு முடிந்ததும் டிரைவர் செய்ய வேண்டிய முதல் வேலை காரணத்தைப் பிரித்துப் பார்ப்பது. சிடிஎஸ் நிலை என்ன, எக்ஸ்ஆஃப் வந்ததா, ஃபிஃபோ காலியா, பஃபரில் மிச்சம் உண்டா: நாலு கேள்வி, நாலுக்கும் பதில் ரிஜிஸ்டரிலேயே அல்லது நினைவகத்திலேயே இருக்கிறது.

பழைய இயங்குதளங்கள் இந்தப் பொறுப்பைப் பயனர் தலையிலேயே கட்டின. பிசி பயாஸின் சீரியல் சேவை, எழுத்தை அனுப்ப முடியாமல் நேரம் கடந்தால், திருப்பித் தரும் நிலையில் ஏழாவது பிட்டை ஏற்றி வைக்கும். அவ்வளவுதான். பழைய பயாஸ்களில் அந்த நேரத்தை அளந்ததும் கடிகாரம் அல்ல, வளையம் சுற்றிய எண்ணிக்கை; செயலி வேகமானால் கெடு சுருங்கும். டாஸில் சீரியல் அச்சுப்பொறி வைத்திருந்தவர்கள் 'மோட்' கட்டளையின் கடைசியில் ஒரு 'பி' சேர்க்கக் கற்றுக்கொண்டார்கள். நேரம் கடந்தாலும் விடாமல் முயன்றுகொண்டே இரு என்பது அதன் பொருள்.

யுனிக்ஸ் மரபில் வந்த போசிக்ஸ் தரம் இந்த விஷயத்தில் பாதிதான் யோசித்தது. படிப்பதற்குப் பத்தில் ஒரு நொடி அலகில் கெடு வைக்கலாம். எழுதுவதற்கு அப்படி ஒன்றும் கிடையாது. எல்லாம் வெளியேறும்வரை காத்திருக்கும் 'டிசிட்ரெயின்' என்ற அழைப்புக்குக் கால அளவு கேட்கும் இடமே இல்லை. மறுமுனை எக்ஸ்ஆஃப் அனுப்பிவிட்டுத் தூங்கப் போனால், அந்த அழைப்பில் நிற்கும் நிரலும் காலமெல்லாம் நிற்கும். இது தரத்தில் உள்ள குறை என்றுதான் சொல்ல வேண்டும். நிரலாளர்கள் அலாரம் சிக்னல் வைத்தும், காத்திருக்காத முறையில் எழுதி 'போல்' அழைப்பால் பார்த்தும் சுற்றிவளைத்துப் போகிறார்கள்.

விண்டோஸ் இதில் ஒரு படி மேல். எழுதுவதற்கென்றே இரண்டு எண்களைக் கேட்கிறது: பைட் ஒன்றுக்கு எத்தனை மில்லிநொடி என்ற பெருக்கி ஒன்று, அதற்குமேல் சேர்க்கும் நிலையான அளவு ஒன்று. நீளமான செய்திக்கு நீளமான கெடு தானாகக் கிடைக்கும். இரண்டையும் பூஜ்யமாக வைத்தால் கெடுவே இல்லை. ஆனால் இதிலும் ஒரு பொறி இருக்கிறது. கெடு முடிந்தால் எழுதும் அழைப்பு தோல்வி என்று சொல்லாது. வெற்றி என்றே சொல்லி, எழுதிய பைட்டுகளின் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டும். எண்ணிக்கையைப் பார்க்காமல் வெற்றியை மட்டும் பார்க்கிற நிரல், பாதிச் செய்தியை அனுப்பிவிட்டு நிம்மதியாக மேலே போகும்.

மைக்ரோகன்ட்ரோலர் உலகில் எஸ்டி நிறுவனத்தின் நூலகம் ஒரே ஒரு எண்ணை, மில்லிநொடியில், கேட்கிறது. அந்த எண் ஒரு பைட்டுக்கானது அல்ல, செய்தி முழுவதற்கும் ஆனது. எடுத்துக்காட்டுகளில் 100 என்று பார்த்து அப்படியே படியெடுப்பவர்கள் உண்டு. 115200 வேகத்தில் 100 மில்லிநொடியில் 1152 பைட்தான் போகும். 2000 பைட் செய்தியை எத்தனை முறை முயன்றாலும் அது தோற்றுத்தான் தீரும், கம்பியில் எந்தக் குறையும் இல்லாதபோதும். இதைவிட ஆழமான குழி இன்னொன்று: அந்த நூலகத்தின் நேரக் கணக்கு சிஸ்டிக் இன்டரப்டை நம்பியது. அதற்குச் சமமான அல்லது அதைவிட உயர்ந்த முன்னுரிமை உள்ள இன்டரப்டுக்குள் நின்றுகொண்டு அனுப்பினால் மில்லிநொடி எண்ணி நகரவே நகராது. நகராத கடிகாரத்தில் 100 மில்லிநொடி ஒருபோதும் முடியாது.

ஜெஃபைர் என்ற சிறு இயங்குதளத்தின் வடிவமைப்பாளர்கள் இவற்றை யோசித்திருக்கிறார்கள். அதன் அனுப்பும் அழைப்பில் கெடு மைக்ரோநொடியில் தரப்படுகிறது, ஃப்ளோ கன்ட்ரோல் இயங்கும்போது மட்டுமே அது செல்லுபடியாகும். ஃப்ளோ கன்ட்ரோல் இல்லாத சிப் தன் வேகத்தில் அனுப்பிக்கொண்டே போகும், அதை நிறுத்த யாரும் இல்லை, எனவே கெடுவுக்கும் வேலை இல்லை என்பது தர்க்கம். கெடு முடிந்தால் 'கைவிடப்பட்டது' என்ற நிகழ்வு வரும், எத்தனை பைட் போயிற்று என்ற எண்ணிக்கையோடு. அந்த எண்ணிக்கைதான் மேலே இருக்கும் நிரலுக்கு வேண்டிய ஒரே உருப்படியான தகவல்.

கடிகாரத்தைப் பற்றி இன்னும் இரண்டு சொல்ல வேண்டும். 32 பிட் எண்ணி மில்லிநொடிக்கு ஒன்று கூடினால் 49.7 நாளில் சுற்றிப் பூஜ்யத்துக்கு வரும். விண்டோஸ் 95 தொடர்ந்து அவ்வளவு நாள் ஓடினால் உறைந்துபோன கதை இந்தச் சுற்றினால் வந்ததுதான். 'இப்போதைய நேரம் கெடுவைவிடப் பெரிதா' என்று நேரடியாக ஒப்பிடும் டிரைவர் அந்தச் சுற்றின்போது தடுமாறும். கழித்துப் பார்த்து ஒப்பிடும் டிரைவர் தப்பிக்கும். லினக்ஸ்காரர்கள் இந்தப் பிழையை நாற்பத்தொன்பது நாள் காத்திருந்து கண்டுபிடிக்க விரும்பவில்லை. எண்ணி சுற்றுவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் இருக்கும்படி அதன் தொடக்க மதிப்பை வைத்தார்கள். கணினி எழுந்து ஐந்தாவது நிமிடத்திலேயே தப்பான ஒப்பீடுகள் வெளியே வந்துவிடும். கெர்னலில் உள்ள குறும்புகளில் இது தலைசிறந்தது.

இரண்டாவது, கெடு முடிந்ததாகத் தெரிந்த பிறகு நிலையை இன்னொரு முறை பார்ப்பது. காத்திருக்கும் வளையத்தை இயங்குதளம் நடுவில் நிறுத்தி வேறு வேலைக்கு அனுப்பிவிடலாம். திரும்பி வரும்போது கடிகாரம் கெடுவைத் தாண்டியிருக்கும், ஆனால் சிப் எப்போதோ வேலையை முடித்திருக்கும். கெர்னலில் இதற்கென உள்ள பொதுவான மேக்ரோ, நேரம் கடந்த பிறகும் ரிஜிஸ்டரை ஒருமுறை படித்து, அந்தப் பதிலைத்தான் தீர்ப்பாகக் கொள்கிறது. ஒரு வரிதான். அந்த ஒரு வரி இல்லாததால், சுமை கூடிய சர்வரில் மட்டும் எப்போதாவது வந்து, சோதனை மேசையில் ஒருபோதும் வராத பிழைகள் உருவாகின்றன.

இனி கெடு முடிந்த கணம். டைமர் எழுந்து 'போதும், நிறுத்து' என்கிறது. அதே மைக்ரோநொடியில் 'முடித்துவிட்டேன்' என்று சிப்பின் இன்டரப்ட் வருகிறது. அதே நேரத்தில் பயனர் நிரலை ரத்து செய்கிறார். மூவரும் ஒரே பஃபரை விடுவிக்க ஓடி வருகிறார்கள். முதலில் வந்தவர் விடுவித்துவிட்டால், அடுத்து வருபவர் இல்லாத நினைவகத்தைத் தொடுவார். செயலியின் தலையீடின்றி நினைவகத்திலிருந்து பைட்டுகளை நகர்த்தும் டிஎம்ஏ ஓடிக்கொண்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம்: விடுவித்த நினைவகத்தை வேறு யாரோ எடுத்து எழுத, அவர்களுடைய தரவு கம்பியில் போகும். மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட சீரியல் டிரைவர் மாதிரிக் குறியீட்டில், ஒவ்வொரு கோரிக்கையின் மீதும் இன்டரப்ட், ரத்து, மொத்த நேர டைமர் என ஒவ்வொருவருக்கும் ஒரு பிட் ஒதுக்கியிருக்கிறார்கள். கையை எடுத்தவர் தன் பிட்டை அணைக்க வேண்டும். கடைசிப் பிட் அணைந்தால்தான் கோரிக்கை முடியும். படிக்க அலுப்பான குறியீடு. ஆனால் ஒவ்வொரு பிட்டும் ஏதோ ஓர் இடிபாட்டிலிருந்து கற்றதுபோல இருக்கும். லினக்ஸில் டைமர் முழுவதுமாக நின்றதை உறுதிசெய்யும் அழைப்பு உண்டு. டைமரின் நிரல் எடுக்கும் அதே பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதை அழைத்தால், ஒருவர் பூட்டுக்காகவும் மற்றவர் டைமருக்காகவும் நின்று செத்துப்போவார்கள். முதலில் பூட்டை விட வேண்டும்.

பஃபரைப் பாதுகாத்தாயிற்று. எத்தனை பைட் போனது என்று எண்ணுவதும் அத்தனை எளிதல்ல. டிஎம்ஏவை நிறுத்தி மிச்ச எண்ணிக்கையைப் படித்தால், அது ஃபிஃபோவுக்குள் போய்விட்ட பைட்டுகளை அனுப்பியதாகவே கணக்கு சொல்லும். அவை கம்பியை எட்டியிருக்க வேண்டும் என்பதில்லை. ஃபிஃபோவைத் துடைத்துவிடலாம் என்றால், 16550 சிப்பில் அனுப்பும் ஃபிஃபோவை அழிக்கும் பிட் ஷிஃப்ட் ரிஜிஸ்டரைத் தொடாது. எல்லாவற்றையும் கைவிட்டாயிற்று என்று மேலே சொன்ன பிறகும் ஓர் எழுத்து வெளியே போகலாம். ஆகவே யோக்கியமான டிரைவர், குறைந்தது இத்தனை போயிற்று, அதிகபட்சம் இத்தனை போயிருக்கலாம் என்ற இடைவெளியோடுதான் பேச முடியும். பெரும்பாலான இடைமுகங்களில் ஒரே ஓர் எண்ணுக்குத்தான் இடம் இருக்கிறது.

அந்த எண்ணை வைத்து மேலே என்ன செய்வது என்பது, போகிற செய்தியின் தன்மையைப் பொறுத்தது. கடைக் கல்லாவில் ரசீது அச்சிடும் தெர்மல் பிரின்டர் காகிதம் தீர்ந்து நின்றால், மிச்ச பைட்டுகளைப் பத்திரமாக வைத்திருந்து, புதுச்சுருள் போட்டதும் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். முதலிலிருந்து அனுப்பினால் ஒன்றரை ரசீது வரும். பணப்பெட்டியைத் திறக்கும் கட்டளை அதில் இருந்தால் பெட்டி இரண்டு முறை திறக்கும். எப்சன் வகை பிரின்டர்களில் காகிதம் இருக்கிறதா, மூடி திறந்திருக்கிறதா என்று உடனடியாகக் கேட்கும் கட்டளையே உண்டு. கெடு முடிந்ததும் அதைக் கேட்டு, 'காகிதம் தீர்ந்தது' என்று கல்லாவில் இருப்பவருக்குச் சொல்லும் நிரல் நல்ல நிரல். 'டைம்அவுட் பிழை' என்று மட்டும் காட்டினால் அவர் என்ன செய்வார்?

தொழிற்சாலைகளில் மோட்பஸ் பேசும் கம்பியில் இதற்கு நேரெதிர். 1979இல் மோடிகான் நிறுவனம் தன் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்காக வகுத்த புரோட்டோகால் அது. ஒரு செய்தி முடிந்தது என்பதை அது மௌனத்தால் அறிகிறது: மூன்றரை எழுத்து நேரம் கம்பி சும்மா இருந்தால் செய்தி முடிந்தது. அங்கே ஓர் எழுத்துக்குப் பதினொரு பிட். 9600 வேகத்தில் மூன்றரை எழுத்து என்பது நான்கு மில்லிநொடி. நடுவில் ஒன்றரை எழுத்து நேரத்துக்கு மேல் இடைவெளி விழுந்தாலே அந்தச் செய்தி செல்லாது. ஆகவே நடுவில் நின்றுபோன மோட்பஸ் செய்தியை விட்ட இடத்திலிருந்து தொடர்வது வீண். மறுமுனை வாலை மட்டும் கேட்டு, குப்பை என்று எறிந்துவிடும். மிச்சத்தைக் கொட்டிவிட்டு, கம்பி அமைதியாகும்வரை இருந்து, முதலிலிருந்து அனுப்ப வேண்டும். ஒரு டிரைவர் இந்த இரண்டு உலகுக்கும் தானே முடிவெடுக்க முடியாது. நிறுத்தவும், எண்ணிச் சொல்லவும், கொட்டவும், தொடரவும் கருவிகளைத் தந்துவிட்டு ஒதுங்க வேண்டும். தானாக மறுமுயற்சி செய்யும் டிரைவர்கள் உதவுவதுபோல் இருந்து கெடுக்கின்றன.

காத்திருப்பதன் விலை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு லினக்ஸின் ரியல்டைம் திட்டமே சாட்சி. 115200 வேகத்தில் 80 எழுத்து வரி ஒன்று வெளியேற ஏழு மில்லிநொடி; 9600இல் 83. கெர்னல் தன் செய்திகளை சீரியல் கன்சோலில் அச்சிடும்போது, சிப் காலியாகும்வரை அந்த வளையத்திலேயே, பல வேளை இன்டரப்டை அடைத்துக்கொண்டு, நின்றது. மைக்ரோநொடிக் கணக்கில் பதில் சொல்ல வேண்டிய இயங்குதளத்துக்கு இது ஒவ்வாது. ஜான் ஓக்னஸ் உள்ளிட்டோர் பல ஆண்டுகள் இந்த அச்சிடும் பகுதியைத் திருத்தி எழுதினார்கள். செய்திகளைத் தனி இழைக்கு மாற்றி, நெருக்கடி வந்தால் கன்சோலைப் பறித்துக்கொள்ளும் ஏற்பாடும் செய்தார்கள். ரியல்டைம் வசதி மூல கெர்னலில் சேர்வதற்குக் கடைசி வரை முட்டுக்கட்டையாக இருந்தது இதுதான். 2024 செப்டம்பரில் அது சேர்ந்தது. அந்த ஆண்டு நவம்பரில் 6.12 பதிப்பாக வெளிவந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டு முயற்சியின் கடைசிப் பூட்டு, ஒரு சீரியல் போர்ட்டுக்காகக் காத்திருக்கும் வளையம்.

இங்கே வந்திருக்கும் மாணவர்களில் சிலர் நாளை டிரைவர் எழுதப் போகிறவர்கள். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எழுதி முடித்த டிரைவரை நன்றாக ஓடும் கம்பியில் சோதித்துவிட்டு மூடிவைக்காதீர்கள். சிடிஎஸ் கம்பியைக் கழற்றிவிட்டு அனுப்பிப் பாருங்கள். எக்ஸ்ஆஃப் அனுப்பிவிட்டு எக்ஸ்ஆன் அனுப்பாமல் இருந்து பாருங்கள். வேகத்தை 50க்கு இறக்கி ஒரு பக்கம் அனுப்புங்கள். அனுப்பிக்கொண்டிருக்கும்போதே யுஎஸ்பி அடாப்டரைப் பிடுங்குங்கள், நிரலைக் கொல்லுங்கள், போர்ட்டை மூடுங்கள். ஒவ்வொரு முறையும், எத்தனை பைட் போயிற்று என்று உங்கள் டிரைவர் சொல்லும் எண்ணையும், மறுமுனையில் உண்மையில் வந்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒப்பிடுங்கள். இரண்டும் பொருந்தாத இடத்தை, காரணத்தோடு, டிரைவரின் ஆவணத்தில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.